எடைக்கு எடை வெல்லம்

பெருமாள் துணை

திருநகர், மதுரை.
புரட்டாசி கடைசிச் செவ்வாய்.

அன்பு மகள் சுபலட்சுமிக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நானும் உங்கப்பாவும் அண்ணனும் வேளைக்குப் பசிச்சு, உண்டு, அசந்து தூங்கி எந்திரிச்சு, குறைன்னு சொல்ல ஒண்ணுமில்லாம இருக்கோம். அங்க நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி மதுவந்தியும் அதே மாதிரி இருக்கணும், காலையில விளக்கேத்துறப்ப உங்க மூணு பேரு பேரையும் சொல்லித்தான் திரியைத் தூண்டுறேன். டப்ளின்ல மழை விடவே மாட்டேங்குதுன்னு சொன்ன, இங்க ரெண்டு நாளா சாயங்காலத்துல மேக்க இருட்டிக்கிட்டு வருது, துணியெல்லாம் அள்ளி உள்ள போட்டதும் போக்குக் காட்டிட்டுப் போயிருது. பார்சல்ல உனக்குச் சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, மாப்பிள்ளைக்குப் பிடிச்ச மோர் மிளகாய், பேத்திக்கு ஒரு பாவாடை சட்டை வச்சிருக்கேன். பாவாடையை ரெண்டு மடிப்பு உள்ள வச்சுத் தைக்கச் சொன்னேன், அவ வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம், மூணு வருசத்துக்கு வரும்.

தினமும் போன்ல பேசுறோமே இந்தம்மா எதுக்கு இம்புட்டு நீளமா எழுதிருக்குன்னு நினைப்ப. போன்ல பேசினா உங்கண்ணன் அழகு பக்கத்துல வந்து உக்காந்துக்கிடுறான், பாப்பா பாப்பான்னு உன்னைக் கூப்பிட்டுப் போனைப் பிடுங்குறான். ஊசிங்கிற ஒரு வார்த்தை என் வாயில வந்துட்டாப் போதும், எந்திரிச்சுப் போயி கக்கூஸ் கதவைச் சாத்திக்கிட்டு, வெளிய வர ஒரு மணி நேரம் ஆக்கிடுவான். அதனால மாசியில இருந்து நடந்ததை உனக்கு அரையும் குறையுமாத்தான் சொல்லிருக்கேன், அவனுக்குச் சர்க்கரை கூடிப்போச்சு, மாத்திரை சாப்பிடுறான், அம்புட்டுத்தான் உனக்குத் தெரியும். இப்ப எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு, அதைச் சொல்லிட்டே ஆரம்பிக்கிறேன், நீ பாதி படிக்கிறப்பவே அழ ஆரம்பிச்சிருவ.

மாசியில அவனுக்குத் தாகம் தாகம்னு செம்பு செம்பா தண்ணி போச்சு. காலுல செருப்பு கடிச்ச புண்ணு ஒண்ணு ஆறவே மாட்டேன்னுச்சு. அவனுக்குத்தான் எங்க வலிக்குது, எதனால களைப்பா வருதுன்னு சொல்லத் தெரியாதே, முப்பத்தஞ்சு வயசுலயும் நாமதான் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிக்கணும். ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போனோம். உங்கப்பா ஒரு கையைப் பிடிக்க, நான் ஒரு கையைப் பிடிக்க, அங்க வேலை பார்க்குறவங்க ரெண்டு பேரு காலைப் பிடிக்க, அவன் போட்ட சத்தத்துல வரிசையில உக்காந்திருந்ததுல பாதிப் பேரு நாளைக்கு வாரோம்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. மூணு மாசச் சராசரிச் சர்க்கரை ரொம்ப ஏறிக் கிடந்துச்சு. டாக்டர் நல்ல மனுசன், பொறுமையாச் சொன்னாரு, இப்போதைக்கு மாத்திரை தாரேன், ஆனா இவரு எடை குறையணும், உடம்பு அசையணும், புரட்டாசி வாக்குல திரும்பப் பார்ப்போம், அப்பவும் இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான், தினமும் போடணும்னாரு. ஒரு நாளைக்கே நாலு பேரு பிடிக்க வேண்டிருக்கு. இப்ப நாங்க ரெண்டு பேரு இருக்கோம். நாங்க இல்லாத காலத்துல யாரு பிடிப்பா, யாரு போடுவா, அவனை யாரு அப்புறம் சமாதானம் பண்ணுவா. நீ பார்த்துக்கிடுவேன்னு சொல்லுவ, எனக்குத் தெரியும், ஆனா உனக்கும் ஒரு குடும்பம் இருக்குல்ல தாயி. அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுலயே நின்னு வேண்டிக்கிட்டேன். பெருமாளே, என் பிள்ளைக்கு அந்த ஊசி மட்டும் வேணாம், புரட்டாசிச் சனிக்கிழமை உன் சந்நிதியில அவனைத் தராசுல உக்கார வச்சு எடைக்கு எடை வெல்லம் தாரேன்னு. உங்கப்பா அப்பவே தலையில அடிச்சுக்கிட்டாரு, சர்க்கரை வியாதிக்கு வேண்டுதலு, அதுக்கு வெல்லமாடீன்னு. நான் என்ன செய்ய, வாயில அதுதான் வந்துச்சு, சாமிகிட்டச் சொன்ன பெறகு மாத்த முடியுமா.

அன்னையில இருந்து வீட்டுல சோறைக் குறைச்சேன். சீனி டப்பாவை அலமாரி மேல ஏத்தி வச்சேன். உங்கப்பாவும் அவனைக் காலையில நடக்கக் கூட்டிட்டுப் போனாரு, வேர்த்து விறுவிறுத்து ரெண்டு பேரும் வருவாங்க, பார்க்கவே நிறைவா இருக்கும். ஆனா ஒரு மாசம் ஆகியும் சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. இந்த வீட்டுக்குள்ள எது எம்புட்டு வருது எம்புட்டுப் போகுதுன்னு எனக்கு மனசுக்குள்ளேயே ஓடும்னு உனக்குத் தெரியும்ல. வீட்டுல சீனி குறையலை, எண்ணெய் குறையலை, இவன் வயிறும் குறையலை, அப்ப எங்கேயோ வெளிய போகுதுன்னு கணக்கு இடிச்சுச்சு. ஒரு நாள் பின்னாடியே போனேன். நம்ம தெருமுனை டீக்கடையில அப்பாவும் மகனும் ஜோடியா உக்காந்து ஆளுக்கு ரெண்டு வடை, ஒரு ஸ்ட்ராங் டீ. கையும் களவுமா பிடிச்சேன். உங்கப்பா கொஞ்சமும் அசரலையே, நடந்தா பசிக்காதா, ஒரு வடைதானன்னாரு. அங்க இருந்து நாலு எட்டு வச்சா பிள்ளையார் கோயில் பொங்கல், அதுக்கடுத்து சீனியம்மாள் வீட்டு வாசல்ல பணியாரம். தெருவே அவனுக்கு ஊட்டுது சுபா. யாரும் கெட்ட எண்ணத்துல கொடுக்கலை. சூதுவாது தெரியாத பிள்ளை, இவனுக்குக் கொடுத்தா சாமிக்குக் கொடுத்த மாதிரின்னு கொடுக்குறாங்க. வேணாம்னு சொல்ல அவனுக்கும் தெரியாது. நான் போயிக் கொடுக்காதீங்கன்னு சொன்னதுக்கு சீனியம்மாள் எட்டு நாளு என்கூடப் பேசலை, என் கைப் பண்டம் உம்மகனுக்கு விசமாப் போச்சாக்கும்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. இப்பச் சரியாயிட்டா, அவளே சுண்டல் அவிச்சு, தேங்காய் போடாம, இது சாப்பிடலாமா பாரு ஜெயான்னு கொண்டாந்து காட்டிட்டுத்தான் அவனுக்குக் கொடுக்குறா.

அப்பத்தான் டாக்டரே முத்துமீனாவைப் பத்திச் சொன்னாரு. ஒத்தக்கடைப் பிள்ளை, விளையாட்டு டீச்சருக்குப் படிச்சிட்டு ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பார்க்குது. சாயங்காலம் ஸ்கூட்டர்ல இங்க வந்து, நம்ம பக்கத்துப் பூங்காவுல அழகு மாதிரிப் பிள்ளைங்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்குது. முதல் நாளே என்னைத் திருத்திருச்சு, பிள்ளைங்கன்னு சொல்லாதீங்கம்மா, இங்க பாதிப் பேருக்கு மீசை நரைச்சிருச்சு, அண்ணே அக்கான்னு சொல்லுங்கன்னு. சொன்னாப்புலயே உங்கண்ணனையும் அழகண்ணேன்னுதான் கூப்பிடுது. அவனுக்குப் பெருமை தாங்கலை. அந்தப் பிள்ளைகிட்ட ஒரு நிதானம் இருக்கு. யாரையும் சேர்க்கிறதுக்கு முன்னாடி நெஞ்சு, முட்டி, கழுத்து எல்லாம் டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுது. பவதாரிணின்னு ஒரு பொண்ணு, சிரிச்ச மூஞ்சி, அவளுக்குக் கழுத்து எலும்பு வாகு சரியில்லையாம், குட்டிக்கரணம் அடிக்கவே கூடாதுன்னு தனியாப் பார்த்துக்குது. பத்து தடவை செய்யுங்கன்னு எண்ணிக்கை சொல்லாது, படத்தைக் காட்டும், தானும் கூட நின்னு செய்யும், விசில் ஊதினா முடிஞ்சதுன்னு அர்த்தம். எல்லாரும் நல்லாத்தான் செஞ்சாங்க, நம்ம ஆளைத் தவிர. இவன் வாகை மரத்தடியில கையைக் கட்டிக்கிட்டு கான்ஸ்டபிள் மாதிரி நின்னான். ஒரு வாரம், ரெண்டு வாரம், சித்திரையே பிறந்துருச்சு. நான் திட்டினேன், கெஞ்சினேன், மிட்டாய் தாரேன்னு கூடச் சொல்லித் தொலைச்சேன். அந்தப் பிள்ளை மட்டும், விடுங்கம்மா, அண்ணே பார்த்துக்கிட்டுத்தான இருக்காரு, அதுவும் வேலைதான்னு சொல்லிருச்சு. எனக்கு உள்ளுக்குள்ள நாளு போகுதே, புரட்டாசி வருதேன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

சித்திரைத் திருவிழாவுல அழகரைப் பார்க்கக் கோரிப்பாளையத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். கூட்டம்னா கூட்டம், உங்கப்பா அவன் இடுப்பு பெல்ட்டுல துண்டைக் கட்டி மறு முனையைத் தன் கையில சுத்திக்கிட்டாரு. உங்கண்ணன் சாமியைப் பார்த்தானோ இல்லையோ, சாமி தூக்குறவங்களையே கண் கொட்டாம பார்த்துக்கிட்டு நின்னான். அவங்க முட்டியை மடக்கி எழும்புறது, தோளு மாத்துறது, பல்லக்கைக் குலுக்கிக் குலுக்கி நடக்குறது. மறுநா சாயங்காலம் பூங்காவுக்குப் போனதும் நேரா ஓரத்துல கிடந்த நீள மூங்கிக் கம்பைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டான். பின்னாடி முனை தரையில இழுபட்டுச்சு. சிவனாண்டின்னு ஒருத்தரு, அவரும் இவனை மாதிரித்தான், வயசு நாப்பதுக்கு மேல, அவரு ஓடிப்போயி, மாப்ள இருடா, ஒத்தையில தூக்கினா சாமி விழுந்துரும்னு பின் முனையைத் தூக்கினாரு. ரெண்டு பேரும் கோவிந்தோன்னு கத்திக்கிட்டு நடந்தாங்க பாரு, முத்துமீனா விசிலை வாயில இருந்து எடுத்துட்டு அப்படியே நின்னுருச்சு. மறுநாள்ல இருந்து அதுதான் பாடம். முன்னாடி மூணு பேரு, பின்னாடி மூணு பேரு. முட்டியை மடக்கி, முதுகை நிமித்தி எழும்பணும், குலுக்கணும், நடக்கணும், தோளு மாத்தணும், மண்டகப்படி வந்ததும் மெதுவா உக்காந்து இறக்கணும். சாமி இறங்கி நிக்கிற மண்டகப்படி இங்க சிமெண்டுப் பெஞ்சு. மொத நாளு ஒரு பெஞ்சு வரைக்கும் போனாங்க, ஆடியில பூங்காவை முழுசாச் சுத்தினாங்க. ஜிம்முல போயி என்னென்னமோ தூக்குறாங்களே, அதுல உள்ளது எல்லாம் இதுல இருக்கும்மான்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சு.

எனக்குத்தான் மனசு ஒப்பலை. சாமியே இல்லாத வெறுங்கம்புக்குக் கோவிந்தோ போடுறது பாவமில்லையான்னு கேட்டேன். அதுக்கு அது, வேணும்னா ஒரு படத்தை வச்சு விடுங்க, கனம் கூடினா எங்களுக்கு நல்லதுதான்னு சிரிக்குது. விளையாட்டா சொன்னதை நான் நெசமா எடுத்துக்கிட்டேன். நம்ம பூசை அறையில இருந்த பழைய பெருமாள் படத்தைத் துடைச்சு, நடுவுல பட்டுத் துணியால கட்டி, ஒரு முழம் பூ சுத்திக் கொடுத்தேன். சாமி வந்ததும் அடுத்த சண்டை. சாமி தூக்குறவங்க காலுல செருப்பு போடலாமா, எல்லாரும் கழட்டுங்கன்னு நான் சொல்லிட்டேன். முத்துமீனாவுக்கு வந்துச்சே கோவம். அம்மா, சர்க்கரை உள்ளவரு வெறுங்காலோட இந்த மண்ணுல நடந்து ஒரு முள்ளுக் குத்தினா யாரு பதில் சொல்லுறது, அவருக்குக் குத்தினதைச் சொல்லவும் தெரியாது, ஷூ இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க விடமாட்டேன்னு குறுக்க வந்து நின்னுருச்சு. நான் சாமி பக்கம், அது காலு பக்கம். சிவனாண்டி நடுவுல கம்பைத் தூக்கிக்கிட்டு, சீக்கிரம் பேசி முடிங்கத்தே, சாமிக்குத் தோள் வலிக்குதுங்குறாரு. கடைசியில யோசிச்சு, புதுசா கான்வாஸ் ஷூ வாங்கி, அதைத் தெருவுல போடாம, கக்கூஸுக்குப் போடாம, மஞ்சப் பையில வச்சுக் கொண்டுபோயி அங்க மட்டும் போடுறதுன்னு ஆச்சு. சாமி ஷூன்னு அதுக்குப் பேரு வச்சிட்டான் உங்கண்ணன். சாயங்காலம் ஆனா மஞ்சப் பையைத் தூக்கிக்கிட்டு அவனே வாசல்ல நிக்கிறான், போலாம் போலாம்னு என் உசுரை வாங்குறான். வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டுவான், நான் பாதத்தை விரலு விரலா விலக்கிப் பார்ப்பேன், அதுவும் அந்தப் பிள்ளை சொல்லிக் கொடுத்ததுதான்.

ஆவணியில அவனுக்குக் கால்சட்டை இடுப்புல நிக்கலை. சந்தோசத்துல கயிறு கோத்துக் கொடுத்தேன். கோத்துக்கிட்டு இருக்குறப்பவே சுருக்குன்னுச்சு. எடைக்கு எடை வெல்லம்னுல்ல வேண்டிருக்கோம். இவன் இளைக்க இளைக்கச் சாமிக்கு வெல்லம் குறையுதே. வேண்டினப்ப இருந்த எடை என்ன, இப்ப என்ன. கேக்குறப்ப ஒண்ணு, கொடுக்குறப்ப ஒண்ணா, இது சாமியை ஏமாத்துற கணக்கு இல்லையா. முத்துமீனாகிட்டப் போயி, தாயி, புரட்டாசி வரைக்கும் எடையை இந்த மட்டுல நிறுத்தி வைக்க முடியுமா, தராசு ஏறி இறங்கினதும் நீ இளைக்க வச்சுக்கோன்னு கேட்டேன். அது வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுச்சு, பெறகு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அத்தே நிறுத்தினா ஊசி வந்துருமேன்னுச்சு. அன்னைக்குத்தான் முதல்முறையா என்னை அத்தேன்னு கூப்பிட்டது. உங்கப்பா சொல்லவே வேணாம், பெருமாளு என்ன பலசரக்குக் கடையா வச்சிருக்காரு, நிறுத்துப் பார்த்துச் சண்டைக்கு வாரதுக்குன்னு ஒரு வாரம் என்னை ஓட்டினாரு. ஊர்க் கோயில் பட்டருக்குப் போன் போட்டேன். அன்னைக்குத் தராசு என்ன சொல்லுதோ அதுதாம்மா கணக்கு, பெருமாள் பழசை எல்லாம் கேக்கமாட்டாருன்னாரு. எல்லாரும் சொன்னாங்க, என் மனசு கேக்கலையே. மாசியில ஆஸ்பத்திரி மிஷின்ல என்ன எடை காட்டுச்சோ அந்த எடைக்கே மண்டை வெல்லம் வாங்கி மூட்டை கட்டி வச்சிட்டேன். பிள்ளை குறையட்டும், சாமிக்குக் குறையவேணாம்னு.

அதுக்கு நடுவுல ரத்தம் எடுக்கணுமே. திரும்ப நாலு பேரைக் கூப்பிடணுமேன்னு நினைச்சேன். முத்துமீனா ஆடியில இருந்தே அதுக்கும் பழக்கிருக்கு, பயிற்சி முடியுறதுக்குள்ள நான் விளக்கேத்த வீட்டுக்குக் கிளம்பிருவேன், அதனால எனக்குத்தான் தெரியலை. பயிற்சி முடிஞ்சதும் எல்லாரும் பெஞ்சுல வரிசையா உக்காரணும், ஒரு கையை நீட்டணும், மேல ஒரு நாடாவைக் கட்டும், பஞ்சால துடைக்கும், பேனா மூடியால லேசா ஒரு அழுத்து, கோவிந்தோ, முடிஞ்சது, அடுத்த ஆளு. விளையாட்டு மாதிரியே தினமும். மொதல்ல பஞ்சைப் பார்த்தே ஓடினவன், போகப் போக அவனே சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டானாம். புரட்டாசி பிறந்த ரெண்டாம் நாளு லேப்புக்குப் போனோம். அந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு வந்துச்சு. அவன் போயி நாற்காலியில உக்காந்தான், கையை நீட்டினான். நாடா கட்டினாங்க. பஞ்சு வச்சாங்க. நான் பார்க்க மாட்டாம சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். திடீர்னு லேப்பே அதிர்ற மாதிரி கோவிந்தோன்னு ஒரு சத்தம். வெளிய வரிசையில இருந்த ஆளுங்க என்ன ஏதுன்னு தெரியாமலே பழக்கத்துல கோவிந்தோன்னு பதில் கொடுத்தாங்க. அதுக்குள்ள ரத்தம் எடுத்து முடிஞ்சிருச்சு சுபா. யாரும் அவனைப் பிடிச்சு அமுக்கலை. பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்து, அம்மா போலாம்னான்.

ரிப்போர்ட்டை நானே கூட்டிக் கூட்டிப் படிச்சேன், அந்த இங்கிலீசு எழுத்தெல்லாம் இப்பப் பழகிருச்சு. இறங்கிருக்குன்னு தெரிஞ்சாலும் டாக்டரு வாயால சொல்லட்டும்னு பேசாம இருந்தேன். அவரு பழையதையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, ஊசி வேணாம்மா, மாத்திரை போதும், இவரு என்ன செய்யுறாரோ அதை விடாம செய்யச் சொல்லுங்கன்னாரு. என்ன செய்யுறாருன்னு கேட்டாரு. சாமி தூக்குறான் சார்னு சொன்னேன்.

மூணாஞ்சனிக்கிழமை செக்கானூரணி தாண்டி நம்ம ஊர்ப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். முத்துமீனா ஸ்கூட்டர்ல பின்னாடியே வந்துச்சு. அவன் தராசுத் தட்டுல ஏற மாட்டானோன்னு பயந்தேன், ஊஞ்சல்னு நினைச்சானோ என்னமோ, சம்மணம் போட்டு ராசா மாதிரி உக்காந்துக்கிட்டான். எதிர்த் தட்டுல வெல்லத்தை ஒவ்வொண்ணா அடுக்கினாங்க. அவன் மெல்ல மெல்ல எழும்ப எழும்ப, கூட இருந்தவங்க கோவிந்தோ போட, அவனுக்குச் சிரிப்பு தாங்கலை. தட்டு ரெண்டும் சமமாச்சு, பட்டர் போதும்னு கையைக் காட்டினாரு, கற்பூரம் காட்டினாரு. கீழ பார்த்தா மூட்டையில இன்னும் வெல்லம் கிடக்குது. ஒரு சின்னப் பிள்ளைக் கனத்துக்கு இருக்கும். பட்டரு, இது மிச்சம்மா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கன்னாரு. முத்துமீனா அந்த மூட்டையைத் தட்டி, அழகண்ணே, இம்புட்டும் உங்க வயித்துல இருந்துச்சு, இதைச் சுமந்துக்கிட்டுத்தான் மாசியில நடந்தீங்க, இப்ப இறக்கி வச்சிட்டீங்கன்னு சொல்லுச்சு. அவன் மூட்டையைப் பார்த்தான், தன் வயித்தைப் பார்த்தான். என்ன விளங்குச்சோ, பெருமாளுக்குத்தான் தெரியும். தட்டை விட்டு இறங்கினான், முட்டியை மடக்கினான், முதுகை நிமித்தி மூட்டையைத் தோள்ல ஏத்திக்கிட்டு, கோவிந்தோன்னு ஒரு குரல் கொடுத்துட்டுப் பிரகாரத்தைச் சுத்த ஆரம்பிச்சிட்டான். தோளு மாத்துறான், குலுக்குறான், சனம் விலகி வழி விடுது, நாங்க பின்னாடியே ஓடுறோம். ஒரு சுத்து முடிச்சு நேரா சந்நிதிக்கு எதிர்த்தாப்புல வந்து, பெஞ்சுல இறக்குவானே அதே மாதிரி மெதுவா உக்காந்து மூட்டையை இறக்கி, ரெண்டு கையாலயும் சாமி பக்கமாத் தள்ளி விட்டான். சாமிக்குன்னு ஒரே வார்த்தை சொன்னான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கலை. நான் வேண்டினது வேண்டினபடி குறையாம போயிச் சேர்ந்துருச்சு, அதையும் அவன் கையாலயே கொடுத்துட்டான். எனக்குக் கும்பிடக் கை எழலை, சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு நின்னேன்.

அழுகையைக் கெடுத்தது உங்கப்பாதான். பிரசாதம்னு பட்டர் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுத்தாரு. உங்கண்ணன் தன் துண்டைக் கண்ணுல ஒத்திட்டு என் கையில வச்சிட்டான். உங்கப்பா தன் துண்டோட, அவன் வச்ச துண்டையும் என் கையில இருந்து எடுத்து வாயில போடப் போனாரு. இவன் எட்டி அவரு கையைப் பிடிச்சு, வேணாம்ப்பா, ஊசின்னான். அந்த வார்த்தையை அவன் வாயால சொல்லி நான் கேட்டதே இல்லை சுபா, அதுவும் பயப்படாம, இன்னொருத்தருக்குப் புத்தி சொல்லுற மாதிரி. முத்துமீனாவும் பிடிச்சுக்கிச்சு, மாமா நீங்க எப்ப கடைசியா சோதிச்சீங்கன்னு. பஸ் ஓட்டின காலத்துல ஒரு தடவைன்னு முனகினாரு, ரிட்டையராகியே ஏழு வருசம் ஆச்சு. திங்கக்கிழமை காலையில அப்பனை மகன் லேப்புக்குக் கூட்டிட்டுப் போனான். நாற்காலியில உக்கார வச்சு, சட்டைக் கையை மடிச்சு விட்டு, பக்கத்துலயே நின்னு கோவிந்தோ போட்டான். சர்க்கரை எல்லை தாண்டலை, ஆனா எல்லையில நிக்கிறாராம். இப்ப சாயங்காலம் கம்புக்குப் பின்பக்கம் உங்கப்பாவும் ஒரு தோளு கொடுக்குறாரு. அவருக்கும் ஷூ வாங்கியாச்சு. டீக்கடைக்காரரு, உங்க வீட்டால எனக்கு வடை யாவாரம் போச்சுக்கான்னு என்கிட்ட முறையிடுறாரு.

நீயும் மாப்பிள்ளையும் அண்ணனைப் பத்திப் பேசிக்கிட்டதா போன மாசம் சொன்ன, எங்களுக்குப் பெறகு அவன் எங்க இருப்பான், எப்படி இருப்பான்னு. அதுக்கு இன்னைக்கும் எங்கிட்ட முழுப் பதில் இல்லை. ஆனா மாசியில வராண்டாவுல நின்னப்ப இருந்த பயம் இப்ப இல்லை. அவனைப் பிடிக்க நாலு பேரு வேணும்னு நினைச்சேன். இப்ப அவன் தானா கையை நீட்டுறான், மாத்திரையைத் தானா கேட்டு வாங்கிப் போடுறான், வேணாம்னு சொல்லப் பழகிட்டான், சேர்ந்து தூக்க அஞ்சு பேரு இருக்காங்க. இப்போதைக்கு இம்புட்டு இருந்தாப் போதும், மத்ததை நீயும் நானும் நிதானமாப் பேசுவோம். நீ வேலை விட்டு வந்து சோபாவுல சாயுறதை விட்டுட்டு, மழை விட்ட நேரம் பார்த்து நாலு எட்டு நடந்துட்டு வா. நம்ம ரத்தத்துல இது ஓடுது, நீயும் ஒரு தடவை சோதிச்சு எனக்குச் சொல்லணும், மறந்துட்டேன்னு சொல்லக் கூடாது. பேத்திக்கு பிஸ்கட்டைப் பழக்காத. பாவாடை மடிப்பைப் பிரிச்சதும் வெட்டிப் போட்டுறாத, ஓரத்துல திரும்ப மடிச்சுத் தைச்சுக்கோ. உடம்புக்கு ஒரு குறையும் வராம, மூணு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நூறு வருசம் நடமாடணும், பெருமாள் கூட வருவாரு.

இந்தத் தாளை மடிக்கப் போறப்ப உங்கண்ணன் வந்து பேனாவைப் பிடுங்கி அடியில ஒரு நீளக் கோடு போட்டிருக்கான். அதுதான் கம்பு. முன்னாடி மூணு, பின்னாடி மூணு வட்டம் தூக்குற ஆளுங்க. அப்பாவை எங்கடான்னு கேட்டேன், பின்னாடி ஒரு பெரிய வட்டம் போட்டான். அதுக்கும் பின்னாடி தனியா ஒண்ணு போட்டிருக்கான் பாரு, இது யாருன்னு கேட்டதுக்கு, பாப்பா, ஷூ கொண்டு வரணும்னான்.

உன் அம்மா,
ந. ஜெயக்கொடி